ஓர் ஒற்று மிகுந்த தீர்மானம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
டயர் ஒட்டும் கடைக்கு மேலே
எங்கள் சங்கம்.
சிமென்ட் வியாபாரிகள், மேற்கு வட்டாரம்.
உறுப்பினர் நாற்பத்தொன்று
நாற்காலி இருபத்தாறு.
பிந்தி வருகிறவர்கள் ஜன்னலோரம் நிற்பார்கள்,
சந்தா பாக்கி வைத்தவர்களும்.

செயலாளர் நான். எழுதுவது என் வேலை.
இன்ன விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை
எழுத மாட்டேன். பேசுவோம்.
நோட்டில் அது
"சந்தை நிலவரம் விவாதிக்கப்பட்டது" என்று ஆகிவிடும்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைவு,
ராத்திரியோடு ராத்திரியாக டெம்போவில் இறங்குகிறது
என்று மேசையைத் தட்டுவார் தேவநேசன்.
டெம்போ அவர் மச்சினனுடையது.
அதையும் எழுதுவதில்லை.

இந்த ஆனியில்
பதினோரு நாள் விடாமல் பெய்தது.
கருங்கல் ரெஜினாளின் குடோனில்
முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டை கல்லாய்ப் போயிற்று.
கம்பெனிக்குச் சங்கம் எழுதிய கடிதம் மூன்று.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
ஈரமில்லாத இடத்தில் அடுக்கியிருக்க வேண்டும்.

ரெஜினாள் எழும்பி நின்றாள்.
"எடவப்பாதி ஒரு பக்கம், ஐப்பசி மறுபக்கம்.
ரெண்டுக்கும் நடுவில
ஈரமில்லாத எடம் இந்த ஜில்லாவில எங்க கெடக்கு?
கம்பெனிக்காரன் வந்து காட்டித் தரட்டு."

பதிவு செய்தேன்:
உறுப்பினர் விளக்கம் கோரினார்.

அப்போதுதான் மாடிப்படியில்
செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று பேர் ஏறி வந்தார்கள்.
கிளீட்டஸ், லூர்தையன்,
பெயர் சொல்லாத ஒரு பையன்.
தூண்டில் வளைவுக்கு அனுமதி ஆகிவிட்டதாம்,
ஃபைல் நாகர்கோவிலில் இருக்கிறதாம்,
கடல் குருசடியைத் தாண்டி நாலாவது வீட்டில் இருக்கிறது.
"கல்லான மூட்டை கெடக்குண்ணு கேட்டோம்."

பத்தொன்பது வருடத்தில்
அந்த மூட்டையைக் கேட்டு ஒருத்தரும் படியேறியதில்லை.

"என்ன விலைக்கு?" என்றார் தாசையன்.
விலை இறக்கி விற்றால் ஐயாயிரம் அபராதம், சங்க விதி.
சிமென்ட் என்றால் விதி பொருந்தும்.
சிமென்ட்தானா இது?
அரை மணி நேரம். இரண்டு முறை சாயா.
கடைசியில் ஷாகுல் அமீது சொன்னார்:
"கல்லு விக்க நமக்கு லைசென்ஸ் இல்ல வேய்."
தீர்மானம் நிறைவேறியது, விலையின்றி.

லாரியோடு நானும் போனேன், கணக்குக்காக.
சுமட்டுக்காரர்கள் தொட மாட்டேன் என்றார்கள்.
நல்ல மூட்டை முதுகுக்கு ஏற்ப வளையும்,
இது முதுகை வளைக்கப் பார்க்கும்.
கரையில் நின்றவர்கள்தான் இறக்கினார்கள்.
தோளில் நிற்காது, தலையில் நிற்காது.
நெஞ்சோடு சேர்த்து
இரண்டு கையாலும் இறுக்கி
கம்பெனி முத்திரைமேல் தாடையை ஊன்றி
மணலில் புதைந்து புதைந்து நடந்தார்கள்.
கிளீட்டஸின் சட்டை முழுக்கச் சாம்பல்.
சாக்கு கிழிந்த இடத்தில்
தையல் பதிந்த கல் தெரிந்தது, தலையணை மாதிரி.
அலை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

ஆவணிக்குள் இருபத்தேழு மூட்டையைக் கடல் எடுத்துக்கொண்டது.
நாலாவது வீடு நிற்கிறது, இன்று வரை.

அடுத்த கூட்டத்தில் முந்தைய நடவடிக்கையை வாசித்தேன்:
"கட்டிப்பிடித்த மூட்டைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு..."
சிரிப்பு ஜன்னல் வரை போயிற்று.
கட்டி பிடித்த என்று வரணும் செயலாளரே,
ஒரு 'ப்' கூடிப் போச்சு, வெட்டும் என்றார் தேவநேசன்.

பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
இருக்கட்டும் என்றேன்.

பிறகு
சந்தை நிலவரம் விவாதிக்கப்பட்டது.